வாய்ப்பூட்டும் வேண்டாம்... வாய்ச்சண்டையும் வேண்டாம்!

சொந்தபந்தங்களிடம் மனசில் இருப்பதைச் சொல்வது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. திண்டுக்கல் நாகல் நகர் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நாள் வேலைக்குப் போன அலுப்பு. இன்றைக்காவது கொஞ்சம் கண்ணசரலாம் என்று நினைத்திருந்தாள் அந்த மருமகள். வாசலில் ஆட்டோ சத்தம். வத்தலக்குண்டிலிருந்து நாத்தனார் குடும்பத்தோடு வந்து இறங்குகிறார். போன வாரமும் வந்தார். அதற்கு முந்தின வாரமும் வந்தார்.

"வாங்க அண்ணி... வாங்க, வாங்க!"

முகமெல்லாம் சிரிப்புதான். ஆனால் சமையல்கட்டுக்குள் போனதும் பாத்திரங்கள் 'டமார் டமார்' என்று பேச ஆரம்பிக்கின்றன. கணவர் எட்டிப் பார்க்கிறார்.

"என்னாச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்ல."

"தலைவலியா?"

"அதான் ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல!"

இப்படியே மூன்று மாதம். ஒருநாள் குழந்தை கை தவறித் தண்ணீர் டம்ளரைக் கீழே போடுகிறது. பளார் என்று ஓர் அறை. "ஏன் புள்ளைய அடிக்கிற?" என்று கணவர் கேட்டதுதான் தாமதம். மூன்று மாதமாக உள்ளே கிடந்தது எல்லாம் நாத்தனார் எதிரிலேயே கொட்டிவிட்டது. சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்கள் மத்தியில் செய்தி பரவியாயிற்று. 'அந்த வீட்டு மருமக, யாரும் வரவே கூடாதுன்னு சொல்லிட்டாளாம்!'

உண்மையில் அவள் விரும்பியது என்ன? வருவதற்கு முதல் நாள் ஒரு போன். வந்த பிறகு அடுப்படியில் கூட ஒரு கை. இவ்வளவுதான். இதை அவள் ஒரு தடவைகூட வாய்விட்டுக் கேட்கவில்லை. நாத்தனாருக்கோ, தம்பி வீட்டில் தன்னைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள் என்றுதான் நினைப்பு!

இதில் யார் மேல் தப்பு என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. முதல் வாரமே சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும் பேச்சு, மூன்று மாதம் கழித்து ஏன் சண்டையாக வெடித்தது? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

நீங்கள் எந்த ரகம்?

மனசுக்குப் பிடிக்காத ஒன்று வீட்டில் நடக்கும்போது நாம் நான்கில் ஒரு வழியில்தான் போகிறோம்.

அடங்கிப் போவது: "பரவாயில்ல, நானே பாத்துக்கிறேன்." வெளியில் பார்க்கப் பெருந்தன்மை. உள்ளே கணக்கு எழுதிக்கொண்டே இருக்கும்.

சீறுவது: "உங்க வீட்டு ஆளுகளுக்கு வேற வேலையே இல்லையா?" சொன்ன விஷயம் காணாமல் போய்விடும். சொன்ன விதம் மட்டும் பத்து வருஷம் நினைவில் நிற்கும்.

சாடை பேசுவது: "சில பேருக்கு ஞாயித்துக்கிழமைன்னா அடுத்த வீட்டு அடுப்புதான் ஞாபகம் வரும்..." என்று சுவரைப் பார்த்துச் சொல்வது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும், குழந்தை மேல் எரிந்து விழுவதும் இந்த ரகம்தான்.

தெளிவாகச் சொல்வது: "அண்ணி, நீங்க வர்றது சந்தோஷம். முதல் நாளே ஒரு போன் பண்ணிட்டா எனக்கு வசதியா இருக்கும்."

இந்த நான்காவதைத்தான் ஆங்கிலத்தில் 'அஸர்ட்டிவ்னெஸ்' என்கிறார்கள். தமிழில் தன்னுறுதி என்று சொல்லலாம். எதிரே இருப்பவரின் மரியாதையும் குறையக் கூடாது, நம் மரியாதையும் குறையக் கூடாது. இரண்டையும் காப்பாற்றிக்கொண்டு நம் தேவையைச் சொல்வதுதான் தன்னுறுதி.

"எங்க அம்மா அப்படி, எனக்கும் அந்தக் குணம்தான்" என்று சொல்லிவிடாதீர்கள். இது பிறவிக் குணம் இல்லை. சைக்கிள் ஓட்டுவது மாதிரி பழகிக்கொள்கிற விஷயம். தென்னாப்பிரிக்காவில் பிறந்த மனநல மருத்துவர் ஜோசப் வோல்பி, 1958-ல் வெளியிட்ட நூலில் இதை ஒரு சிகிச்சையாகவே விளக்கினார். பயமும் உறுதியான பேச்சும் ஒரே நேரத்தில் ஒரே ஆளிடம் சேர்ந்து இருக்க முடியாது. சின்னச் சின்ன விஷயங்களில் உறுதியாகப் பேசிப் பழகப் பழக, பயம் தானாகத் தளர்ந்துவிடும் என்பது அவர் கருத்து. அதாவது, தைரியம் வந்த பிறகு பேசலாம் என்று காத்திருக்க வேண்டாம். பேசப் பேசத்தான் தைரியம் வரும்!

உடம்பு கணக்கு வைக்கிறது

"சொல்லாம விட்டா என்ன? குடும்பம் நிம்மதியா இருக்கும்ல?" என்று கேட்பீர்கள். குடும்பம் நிம்மதியாக இருக்கலாம். உங்கள் உடம்பு இருக்காது.

கோபமோ பயமோ வந்ததும் உடம்பில் அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, தசைகள் இறுகுகின்றன. நாய் துரத்தும்போது ஓடுவதற்கு இது தேவைதான். வீட்டுக்குள்ளேயே தினமும் இந்த நிலை என்றால்? தலைவலி, கழுத்து வலி, தூக்கமின்மை, நெஞ்செரிச்சல், எதற்கெடுத்தாலும் எரிச்சல்... டாக்டர் எழுதிக் கொடுக்கிற மாத்திரையில் இதற்குப் பாதி மருந்துதான் இருக்கிறது.

அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊர் மக்களின் இதய நலத்தைப் பல தலைமுறைகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களில் சுமார் 3,700 பேரை 10 ஆண்டுகள் கவனித்து, 2007-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கணவருடன் பிணக்கு வரும்போது வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் உள்ளேயே அடக்கிக்கொண்ட மனைவிமார், அந்தப் 10 ஆண்டுகளுக்குள் இறந்துபோகும் வாய்ப்பு மற்ற மனைவிமாரைவிட 4 மடங்கு அதிகமாக இருந்தது. மௌனம்தான் ஆளைக் கொன்றது என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் 'அடக்கிக்கிட்டா நல்லது' என்கிற பழைய வைத்தியத்தைக் கொஞ்சம் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

சரி, அடக்கக் கூடாது என்றால் கத்தித் தீர்த்துவிடலாமா? அதற்கும் பதில் இருக்கிறது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 42 தம்பதிகளின் கையில் சின்னக் கொப்புளக் காயம் உண்டாக்கி, ஆறுவதைக் கவனித்தார்கள். 2005-ல் வந்த முடிவு இது: ஒருவரையொருவர் பகையோடு குத்திப் பேசிய ஜோடிகளுக்கு, மற்றவர்களின் வேகத்தில் 60 சதவீத வேகத்தில்தான் காயம் ஆறியது. மனசுப் புண் மட்டும் இல்லை, கைப்புண்ணும் சேர்ந்தே ஆற மறுக்கிறது!

அப்பாவிடம் 'இல்லை' சொன்ன மகள்

"இதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்குச் சரி. நம்ம ஊர்ல பெரியவங்ககிட்ட எதிர்த்துப் பேச முடியுமா?" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. திண்டுக்கல் சீமையிலேயே ஒரு பதில் இருக்கிறது.

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகிற வழியில், சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறது. கிராமியப் பல்கலைக்கழகம், கஸ்தூர்பா மருத்துவமனை என்று பெரிதாக வளர்ந்திருக்கும் இடம். 1947-ல் இதைத் தொடங்கியவர்கள் டாக்டர் சௌந்தரமும் அவருடைய கணவர் ஜி.ராமச்சந்திரனும்.

சௌந்தரம் யார் தெரியுமா? மதுரையில் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி.சுந்தரம் அய்யங்காரின் மகள். 1904-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே கல்யாணம். கணவர் டாக்டர் சௌந்தரராஜன், பிளேக் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கப் போய், அதே நோய்க்கு இளம் வயதில் பலியாகிவிட்டார். கணவரை இழந்த பெண் மூலையில் உட்கார வேண்டும் என்று இருந்த காலம் அது. சௌந்தரம் டெல்லிக்குப் போய் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்து, 1936-ல் டாக்டராகத் திரும்பினார்.

அதன் பிறகு ஹரிஜன சேவைப் பணியில் கேரளத்தைச் சேர்ந்த ராமச்சந்திரனைச் சந்தித்தார். இருவரும் திருமணம் செய்துகொள்ள விரும்பினார்கள். கைம்பெண்ணின் மறுமணம், அதுவும் வேறு சாதியில்! பெற்றோர் சம்மதிக்கவில்லை.

விஷயம் காந்தியடிகளிடம் போயிற்று. அவர் என்ன சொன்னார்? ஒரு வருஷம் நீங்கள் இருவரும் சந்திக்கக் கூடாது, கடிதமும் எழுதிக்கொள்ளக் கூடாது. அதன் பிறகும் உங்கள் மனசு மாறாமல் இருந்தால் கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்றார். இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஒரு வருஷம் போனது. மனசு மாறவில்லை. 1940 நவம்பரில் காந்தி, கஸ்தூர்பா ஆசியோடு திருமணம் நடந்தது.

பிற்பாடு சட்டமன்ற உறுப்பினராகி, 1962-ல் திண்டுக்கல் தொகுதியின் எம்.பி.யாகி, மத்தியக் கல்வித் துறைத் துணை அமைச்சராகவும் இருந்தார் சௌந்தரம். அதே 1962-ல் பத்மபூஷண். 1984-ல் காலமானார். அந்தப் பெருமையெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வரும். வீட்டுக்குள் இருக்கிற நமக்கு வேண்டியது அந்த ஒரு வருஷம்தான்.

அவர் அப்பாவுக்காகத் தன் விருப்பத்தை விட்டுக்கொடுக்கவும் இல்லை. ஆத்திரத்தில் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிப் போகவும் இல்லை. தன் விருப்பம் என்ன என்பதைத் தெரியப்படுத்தினார். நடுவே காலத்துக்கு இடம் கொடுத்தார். காலம் முடிந்ததும் அதே பேச்சில் நின்றார். அப்பாவின் 'சரி' கிடைத்த பிறகுதான் நிமிர வேண்டும் என்று காத்திருக்கவில்லை. தெளிவாகச் சொல்வதால் எதிராளி உடனே ஒத்துக்கொள்வார் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. ஆனால் நீங்கள் யார், உங்களுக்கு என்ன வேண்டும் என்பது அதன் பிறகு யாருக்கும் சந்தேகமாக இருக்காது.

"அவங்க பெரிய வீட்டுப் பொண்ணு, படிச்ச டாக்டர். கையில சம்பளம் இல்லாத நாங்க எப்படி?" என்று ஒரு வாசகி கேட்டால், அது நியாயமான கேள்வி. அப்படிப்பட்டவர்கள் பெரிய விஷயத்தில் தொடங்க வேண்டாம். இன்றைக்கு என்ன குழம்பு, டி.வி.யில் எந்த சேனல் என்கிற அளவில் தொடங்குங்கள். அதோடு, உங்கள் பக்கம் நின்று பேசக்கூடிய ஒரு பெரியவரை அல்லது தோழியைச் சம்பாதித்து வைத்துக்கொள்ளுங்கள். சௌந்தரத்துக்கே ஒரு காந்தி தேவைப்பட்டாரே!

அந்தக் காந்தியும் வீட்டுக்குள்ளேதான் பாடம் படித்தார். 1898 வாக்கில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தாவின் கழிவுப் பாத்திரத்தைச் சுத்தம் செய்யும் விஷயத்தில் கஸ்தூர்பாவோடு தகராறு. கோபத்தில் மனைவியின் கையைப் பிடித்து இழுத்து வாசல் கேட் வரை கொண்டுபோய்விட்டார். கஸ்தூர்பா பதிலுக்கு வசைபாடவில்லை. வெட்கமாக இல்லையா, இந்த ஊரில் நான் எங்கே போவேன், கேட்டைச் சாத்துங்கள் என்ற பொருளில் அழுதபடியே கேட்டார். காந்தி வெட்கிப்போய்க் கேட்டைச் சாத்தினார். இதைத் தன் 'சத்திய சோதனை'யில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

பேசுவதற்கு முன் ஐந்து விஷயம்

1. உங்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் நீங்கள் முடிவு செய்யுங்கள். 'மரியாதை வேணும்', 'அனுசரணை வேணும்' என்பதெல்லாம் காற்றில் போகும். 'சனிக்கிழமை ஒரு போன் வேணும்' என்பது கையில் பிடிக்கக் கூடியது.

2. நேரம் பாருங்கள். அடுப்பில் தாளிப்பு பொரியும்போதும், கணவர் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதும் வேண்டாம். விருந்தாளி எதிரில் வேண்டவே வேண்டாம். இரவு சாப்பாடு முடிந்து, மாடியில் காற்றாட உட்காரும்போது சொல்லுங்கள்.

3. 'நீ' என்று தொடங்காமல் 'எனக்கு' என்று தொடங்குங்கள். அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கோர்டன் பெற்றோர்களுக்குச் சொல்லிக் கொடுத்த வழி இது. "நீங்க எப்பவுமே லேட்டு" என்றால் எதிராளி வக்கீல் ஆகிவிடுவார். "எட்டு மணி தாண்டினா எனக்குப் பயமா இருக்கு. ஒரு போன் போட்டுருங்க" என்றால் வாதாட ஒன்றும் இல்லை.

4. ஒரு நேரத்தில் ஒரு விஷயம். 'எப்பவுமே', 'ஒருநாளாவது', 'உங்க பரம்பரையே' ஆகிய மூன்று சொற்களையும் வீட்டை விட்டு விலக்கி வையுங்கள். கல்யாணத்தன்று காபியில் சர்க்கரை குறைந்த கதையை இன்றைக்கு இழுக்காதீர்கள்.

5. குரலையும் முகத்தையும் கவனியுங்கள். தரையைப் பார்த்து முனகினால் விண்ணப்பம் போல இருக்கும். விரலை நீட்டினால் மிரட்டல் ஆகிவிடும். சாதாரணமாக, முகம் பார்த்து, மெதுவாகச் சொல்லுங்கள். முதல் தடவை கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பு வந்தால் வரட்டும்!

இப்போது, இரண்டு வீட்டுக்குள் போய்ப் பார்ப்போமா?

வீடு ஒன்று: மாமியாரும் மருமகளும்

"அத்தை, ஒரு விஷயம் சொல்லணும். அண்ணி வர்றது எனக்கும் சந்தோஷம்தான். ஆனா திடீர்னு வந்தா ஒத்தையாளா என்னால பாக்க முடியல. திங்கக்கிழமை வேலைக்குப் போகவே உடம்பு அசந்துபோகுது. சனிக்கிழமையே ஒரு போன் பண்ணிட்டாங்கன்னா, காய் வாங்கி வச்சிருவேன். காலையில நீங்க கொஞ்சம் வெங்காயம் உரிச்சுக் குடுத்தா சீக்கிரம் முடிஞ்சிரும்."

"என்னமோம்மா... நாங்கெல்லாம் அந்தக் காலத்துல இருபது பேருக்கு ஆக்கிப் போட்டோம். ஒரு வார்த்தை பேசுனதில்ல."

இங்கேதான் எல்லோரும் சறுக்குவோம். 'அந்தக் காலம் வேற, இந்தக் காலம் வேற' என்று ஆரம்பித்தால் பேச்சு காலத்தைப் பற்றிப் போய்விடும், போன் மறந்துவிடும். இந்த மருமகள் என்ன சொல்கிறாள் பாருங்கள்:

"ஆமா அத்தை, நீங்க பட்ட பாடு பெருசுதான். எனக்கு அவ்வளவு தெம்பு இல்ல. சனிக்கிழமை ஒரு போன் மட்டும் போடச் சொல்லுங்க."

மாமியாரின் கஷ்டத்தை ஒத்துக்கொண்டாள். தன் கோரிக்கையை விடவில்லை. மாமியாருக்கும் உள்ளே ஒரு பேச்சு இருக்கும். 'எனக்கு யாரும் வெங்காயம் உரிச்சுக் குடுக்கலையே' என்ற ஆதங்கம்தான் அந்த இருபது பேர் கதை. அதைக் காது கொடுத்துக் கேட்டால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

நடுவில் நிற்கிற கணவருக்கும் ஒரு வார்த்தை. "அம்மா, அவ இப்படிச் சொல்றா" என்று தபால்காரர் வேலை பார்க்காதீர்கள். "அக்கா வர்றப்ப முதல் நாளே சொல்லிட்டா நல்லதும்மா, எனக்கும் அதுதான் தோணுது" என்று உங்கள் வாயால், உங்கள் கருத்தாகச் சொல்லுங்கள். வெங்காயத்தை நீங்களும் உரிக்கலாம். கண் ஒன்றும் கெட்டுப்போகாது!

வீடு இரண்டு: மச்சானும் ஜாமீன் கையெழுத்தும்

நம் குடும்பங்களில் 'முடியாது' என்று சொல்லத் தெரியாமல் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இந்தக் கையெழுத்தில்தான். ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. 'ஒரு கையெழுத்துதானே' என்பது முழுக் கடனும்தான்!

"மச்சான், ஒரே ஒரு கையெழுத்துதான். நான் கட்ட மாட்டேனா?"

"நீ கட்டுவ மாப்ள. ஆனா நான் யாருக்கும் ஜாமீன் போடுறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன்."

"அப்ப எம்மேல நம்பிக்கை இல்ல?"

"உம்மேல நம்பிக்கை இருக்கு. ஜாமீன் மட்டும் போடுறதில்ல."

"அக்காகிட்டயே கேட்டுக்கிறேன்."

"தாராளமா கேளு. அவளுக்கும் தெரியும். பேங்குக்குக் கூட வரணும்னா வர்றேன். ஜாமீன் மட்டும் முடியாது."

கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது, கவனித்தீர்களா? 1975-ல் மானுவல் ஸ்மித் என்ற உளவியலாளர் எழுதிய நூலால் பிரபலமான முறை இது. புதுப் புதுக் காரணம் சொல்லாதீர்கள். 'கையில பணமில்ல', 'வீட்டுக்கடன் இருக்கு' என்று ஒவ்வொரு காரணமாக அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வரும். காரணம் ஒன்று போதும். குரல் உயர வேண்டாம். செய்யக்கூடிய வேறு உதவியைச் சொல்லிவிடுங்கள். இரண்டு வாரம் மச்சான் முகம் கொடுக்காமல் இருக்கலாம். இரண்டு வருஷம் கடன்காரர் முகத்தில் விழிப்பதற்கு இது தேவலை.

பேச்சு சூடாகிவிட்டால்...

கணவன் மனைவி பேச்சைப் பல ஆண்டுகள் பதிவு செய்து ஆராய்ந்த அமெரிக்கர் ஜான் காட்மன், நான்கு விஷயங்கள் உறவை அரித்துவிடும் என்கிறார். ஆளின் குணத்தையே குறை சொல்வது, இளக்காரம் செய்வது, 'எம்மேல தப்பே இல்ல' என்று மல்லுக்கு நிற்பது, சுவர் மாதிரி பேசாமல் உட்கார்ந்துவிடுவது. இவற்றில் மிக மோசமானது இளக்காரம். "உனக்கு என்ன தெரியும்?" என்ற மூன்று சொல் போதும்.

கோபம் ஏறி நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால், அதன் பிறகு நல்ல வார்த்தையும் காதில் ஏறாது என்கிறார் அவர். உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். அதனால் இப்படிச் சொல்லுங்கள்: "இப்ப எனக்குக் கோவம் தலைக்கேறுது. சாப்பிட்டுட்டு எட்டரை மணிக்குப் பேசுவோம்." எழுந்து நடங்கள். தண்ணீர் குடியுங்கள். செடிக்கு ஊற்றுங்கள். 'அவ அப்படிச் சொன்னாளே' என்று உள்ளே ஓட்டிக்கொண்டிருந்தால் 20 நிமிடமும் வீண். எட்டரை மணிக்கு நீங்களே போய்ப் பேச்சைத் தொடங்க வேண்டும், இது முக்கியம். திரும்பி வராவிட்டால் அதற்குப் பெயர் ஓய்வு அல்ல, 'மூஞ்சியைத் தூக்குவது'.

இன்னொன்றும் காட்மன் கண்டார். தம்பதிகளின் பிணக்குகளில் 69 சதவீதம் கடைசிவரை தீர்வதே இல்லை! ஒருவர் சிக்கனம், ஒருவர் தாராளம். ஒருவருக்குக் கூட்டம் பிடிக்கும், ஒருவருக்குத் தனிமை பிடிக்கும். நல்ல தம்பதிகளுக்கும் இது உண்டு. அவர்கள் ஒருவரையொருவர் நோகடிக்காமல் அதைப் பேசிக்கொண்டே வாழ்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே 'பேசியும் தீரலையே' என்று சோர்ந்துவிட வேண்டாம்.

எதிராளி பேசுகிறாரா? பதில் தயாரிக்காமல் கேளுங்கள். மகள் "எனக்கு இன்ஜினீயரிங் வேணாம்பா" என்றால், "அப்பன் பேச்சை மீறுறியா?" என்று பாயாமல், "சரி, உனக்கு அது பிடிக்கலைங்கிற. வேற எது பிடிச்சிருக்கு, சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். அப்பாவிடம் தெளிவாகப் பேசக் கற்றுக்கொண்ட பெண், நாளைக்குப் புகுந்த வீட்டிலும் தெளிவாகப் பேசுவாள்.

உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள்

ஆம் அல்லது இல்லை என்று பதில் எழுதுங்கள்.

1. 'முடியாது' என்று சொன்ன பிறகு மனசு உறுத்துகிறதா?
2. 'என்ன வேணும்?' என்று கேட்டால் 'எதுவா இருந்தாலும் சரி' என்றே சொல்கிறீர்களா?
3. ஒருவர் மேல் உள்ள கோபத்தை இன்னொருவரிடம் காட்டுகிறீர்களா?
4. 'நான் சொல்லாமலே அவங்களுக்குப் புரியணும்' என்று நினைக்கிறீர்களா?
5. சண்டையில் பழைய கதைகளை எடுக்கிறீர்களா?
6. உங்கள் குறையைச் சம்பந்தப்பட்டவரை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் சொல்கிறீர்களா?

இரண்டு 'ஆம்' வரை: நீங்கள் தேறிவிட்டீர்கள். மூன்று, நான்கு: இந்த வாரம் ஒரு சின்ன விஷயத்தில் தொடங்குங்கள். ஐந்து, ஆறு: இந்தக் கட்டுரையை வீட்டில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் திறந்து வைத்துவிட்டுப் போங்கள்... இல்லை இல்லை, அதுவும் சாடைதான்! நேரிலேயே சொல்லுங்கள்.

இங்கே மட்டும் வேறு வழி

இதுவரை சொன்னதெல்லாம் பிணக்கு உள்ள வீட்டுக்கு. அடி உதை உள்ள வீட்டுக்கு அல்ல. கை நீட்டுகிற, மிரட்டுகிற, பணமும் போனும் பிடுங்கி வைக்கிற ஆளிடம் 'எனக்கு இப்படித் தோணுது' என்று விளக்கம் சொல்லி நிற்க வேண்டாம். அது ஆபத்தாகக்கூட முடியும். 'நான் சரியா எடுத்துச் சொல்லலையோ' என்று உங்களையே குறை சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். முதலில் பாதுகாப்பு. பெண்கள் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112 எண்களை அழைக்கலாம். 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அதன்படி, அதே வீட்டில் குடியிருக்கும் உரிமை கேட்டும் கோர்ட்டுக்குப் போகலாம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் அதற்கு உதவுவார்.

தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் தள்ளிப் போடாதீர்கள். டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போவதும், காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்ப்பது போலத்தான்.

மறுபடி அந்த ஞாயிற்றுக்கிழமை

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பேர் போன அந்தப் பூட்டையும் இரண்டு வழியில் திறக்கலாம்: சாவி போட்டுத் திறக்கலாம், சுத்தியலால் உடைக்கலாம். உடைத்த பூட்டை மறுபடி மாட்ட முடியாது.

நாகல் நகர் மருமகள் சாவியை எடுத்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் நாத்தனார் முகம் கொஞ்சம் உர்ரென்றுதான் இருக்கும். 'என் தம்பி வீட்டுக்கு வர நான் சொல்லிட்டு வரணுமா?' என்று மாமியாரிடம் முணுமுணுப்பார். மருமகள் அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. தட்டு வைத்து, சோறு போட்டு, "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தவா அண்ணி?" என்று உண்மையான சிரிப்போடு கேட்டால் போதும்.

அடுத்த சனிக்கிழமை ராத்திரி போன் அடிக்கும். "நாளைக்கு வரலாம்னு இருக்கோம்... உனக்கு வேலை ஒண்ணும் இல்லையே?"

அப்போது நிஜமாகவே வேலை இருந்தால், "இந்த வாரம் வேணாம் அண்ணி, அடுத்த வாரம் கண்டிப்பா வாங்க" என்று சொல்லலாம். சொல்லிவிட்டு, நிம்மதியாகத் தூங்கலாம்.